அச்சன் திரும்பி வருவதற்குள்

எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில், லீலாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். நான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அவளோடு இருந்தவள் நான்தானே. எழுந்து நின்றேன். அவள் ஒருநாளும் முறுமுறுக்கவில்லை என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்காக ஜெபித்தாள் என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதை விழுங்கியிருந்தேன். இங்கே அதையும் சேர்த்து எழுதுகிறேன். எழுதட்டுமா என்று வீட்டில் என் கணவரிடம் கேட்டேன்.

"எழுதினா முழுசும் எழுது" என்றார்.

லீலாபாய் என் கணவர் டேனியலின் தங்கை. கல்யாணம் ஆகாதவள். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே எங்களோடு இருந்தாள். அங்கன்வாடி டீச்சர். காலையில் அவள் குடையோடு இறங்கி நடந்தால் தெருவிலிருக்கும் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அவள் பின்னால் சேர்ந்துகொள்ளும். அங்கன்வாடியில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சபையின் ஓய்வுநாள் பள்ளியில் தமிழ். இரண்டிலும் ஒரே உரத்த சத்தம். என் மகள் ஷைனியைப் பாதிக்கு மேல் வளர்த்தவள் அவள்தான்.

நான் அவளுக்கு மைனி, அண்ணன் பெண்டாட்டி. அவள் பேச்சில் எனக்கு மரியாதை குறைந்ததே இல்லை. அதற்கு மேல் ஒன்றும் இருந்ததும் இல்லை. இருபத்தாறு வருடம் ஒரே அடுக்களையில் நின்றோம். மீன் கழுவியாச்சா, தேங்காய் துருவியாச்சா என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு வளரவில்லை. அவளுக்குச் சுபாவம் அப்படி என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

சென்ற வருடம் ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்கும் சமயத்தில் அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கேஸ் என்றாள். இஞ்சியைத் தட்டிக் குடித்தாள், ஓமத் தண்ணீர் குடித்தாள். இரண்டு வாய் சோற்றிலேயே போதும் என்று எழுந்துவிடுவாள். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இண்ணைக்கு ஒரு குட்டி எனக்க வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, டீச்சருக்கு வாவ உண்டோண்ணு கேக்குது. பிள்ளை இருக்காம் உள்ள!"

அவரும் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. தட்டைப் பார்த்தபடி மோரை ஊற்றிக்கொண்டேன்.

அந்த வாரமே நெய்யாற்றின்கரையில் ஸ்கேன் எடுத்தோம். எடுத்த பெண் வெளியே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தாள். அவர்கள் இருவரும் திரையை நெடுநேரம் பார்த்தார்கள். திருவனந்தபுரத்தில் புற்றுநோய்க்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே புறப்பட்டு, எட்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தால், நமக்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கொல்லத்திலிருந்து வந்தவர்கள், நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். மொட்டைத் தலையில் தொப்பி, கையில் எண் எழுதிய அட்டை, மடியில் கோப்பு. முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரிதான் உட்காருவார்கள், நாற்காலியின் நுனியில், தப்பாக இங்கே வந்துவிட்டவர்களைப் போல. நான்கைந்து தடவை வந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்து பொதியைப் பிரித்து இட்லி சாப்பிடுவார்கள். நாங்கள் மூன்றாம் தடவையில் சாய்ந்து உட்கார்ந்தோம்.

சோதனைகளை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். முதலில் ரத்தம். சினைப்பையில் கட்டி இருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடுமாம். லீலாவுக்கு அது பல மடங்கு கூடியிருந்தது. அடுத்து வயிற்றில் ஊசி போட்டுத் தேங்கிய நீரை எடுத்தார்கள். வயிறு உப்பியது கேஸ் அல்ல, நீர். கட்டிலுக்குக் கீழே வைத்த பாட்டிலில் அது மஞ்சளாக இறங்கிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் மூச்சு விட முடியுது மைனி" என்று அவள் சொன்னபோது, நோயே இறங்கிப் போவதைப் போல நான் சந்தோஷப்பட்டேன். கடைசியில் பயாப்ஸி. ஒரு சின்னத் துண்டை எடுத்து, அது கெட்ட வகையா என்று பார்ப்பது. அதன் முடிவுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் மட்டும் அவர் நீளமாக ஜெபித்தார். முடிக்கத் தெரியாமல் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

டாக்டர் இளம்பெண். மலையாளத்தில் மெதுவாகப் பேசினாள். ஒரு சீட்டின் பின்புறத்தில் கருப்பையை வரைந்து, இரண்டு பக்கமும் சினைப்பைகளை வரைந்து, அங்கிருந்து புள்ளிகளை வைத்துக்கொண்டே போனாள். குடலின் மேல் புள்ளி. கல்லீரலின் மேல் புள்ளி. முதலில் கீமோ, அதாவது நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. கட்டி சுருங்கினால் ஆபரேஷன்.

"நமுக்கு நோக்காம் டீச்சரே" என்றாள். பார்க்கலாம் என்று அர்த்தம்.

லீலா அந்தச் சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "நல்லா வரைஞ்சிருக்கா. பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது, அவ்வளவுதான்" என்றாள் என்னிடம். பஸ்ஸில் கிழக்கேகோட்டை வந்து இறங்கினோம். அங்கே ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. கடை வாசலில் நின்று எங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். லீலா அவர் அருகே போய், "அண்ணே, அதுதான்" என்றாள். நடுத்தெருவில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், அவர் தங்கையின் தலையில் கை வைத்தபடி நின்றார்.

மூன்று கீமோ ஏற்றினார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒன்று. அதற்கு ஆன செலவில் பெரும்பகுதியை அரசாங்கக் காப்பீட்டு அட்டை தாங்கியது. மீதிக்குச் சபையார் கேட்காமலே உதவினார்கள். அதை எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு முடி தலையணையில் கொத்தாக வந்தது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஷைனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து வருவாள். அவள்தான் அத்தையை, எங்கள் வழக்கில் மாமியை, உட்கார வைத்துத் தலையை மழித்தாள்.

"மாமி, இப்போ கண்டா அடிபொளி" என்றாள்.

"போடி, முட்டை மாதிரி இருக்கு" என்றாள் லீலா. இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஷைனி பின்கட்டில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், நெடுநேரம்.

கீமோவுக்காகச் சேர்க்கும் நாட்களில் நான்தான் கூட இருந்தேன், பெண்கள் வார்டில் ஆண்கள் நேரம் கடந்து நிற்க முடியாது. அவர் தினமும் ஆரஞ்சு உரித்து, சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, டப்பாவில் போட்டு மேலே அனுப்புவார். லீலா இரண்டு சுளை வாயில் வைத்துச் சாறை மட்டும் உறிஞ்சுவாள். மீதியை நான் சாப்பிடுவேன். மத்தியானம் ஊர்ப் பையன்கள் கொண்டுவந்து கொடுக்கும் பொதிச்சோறு, நோயாளிக்குத் துணையாகக் கூட்டிருப்பவர்களுக்கும் கிடைக்கும். யார் வீட்டிலோ யாரோ வாழையிலையில் கட்டிய சோறு. ஒருநாள் பிரித்தால், முள் எடுத்த மீன்துண்டு ஒன்று தனியாகப் பொதிந்து வைத்திருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அன்று ஜெபித்தேன்.

நான் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். சபையிலும் உபவாச ஜெபம் வைத்தார்கள். உறவில் ஒருவர் வந்து, விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்றார். லீலா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "மருந்து தாறதும் கர்த்தர்தான் அண்ணாச்சி. எனக்கு ஊசிக்கு நேரமாச்சு, போய்ட்டு வாங்க."

ஓணம் முடிந்த வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கவில்லை. குடலை நெருக்கிக்கொண்டிருந்தது. வாந்தி நிற்காததால் மறுபடி வார்டில் சேர்த்தோம். டாக்டர் என்னை வெளியே கூப்பிடப் பார்த்தாள். லீலா, "என்னட்டயே சொல்லுங்க மோளே. எத்ர நாள்?" என்று கேட்டாள். அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இனி ஆபரேஷன் இல்லை, கீமோவும் இல்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லீலாதான் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் போதகர் வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை அச்சன் என்றுதான் அழைப்போம். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். கட்டிலருகே இருந்த ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, சின்னக் கிண்ணத்தையும் அப்பத்தையும் எடுத்து வைத்தார். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கர்த்தருடைய மரணத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பெறுவதைப் பந்தியில் சேர்வது என்போம். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது நடக்கும். யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும், பிறகுதான் வர வேண்டும் என்பது சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தருவது.

"அச்சா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் லீலா. "எனக்கு இப்பம் எடுக்க முடியாது."

"ஓக்காளம் வருதா டீச்சரே? ஒரு துளி போதும்."

"அதில்ல. ஒரு காரியம் முடிக்கக் கிடக்கு."

அச்சன் அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். துணியைத் திரும்ப மடித்தார்.

"மேல வார்டுல நம்ம ஆளு ஒருத்தர் கிடக்காரு. அவரைப் பாத்துட்டு ஒரு மணிக்கூர்ல வாறேன்."

அவர் போனதும் லீலா என் பக்கம் திரும்பினாள்.

"மைனி, என்னட்ட உங்களுக்கு எதாவது சொல்லக் கிடக்கா?"

"என்ன சொல்ல? நீ ஒண்ணும் யோசிக்காம கெட."

"ஒண்ணும் இல்லியா?"

"இல்ல" என்றேன்.

"செரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வெந்நீர் பிடிக்கிறேன் என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெந்நீர்க் குழாய்க்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். அந்த வரிசையில் நின்றபடி நான் நினைத்ததைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

ஷைனிக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது லீலாவுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பார்த்துப் பிடித்து, நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் நிலை. அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணுக்கு ஏதாவது சுகக்கேடு உண்டா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். லீலாவுக்கு அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் நான், பன்னிரண்டு வயதுவரை வலிப்பு வந்துகொண்டிருந்ததாம், இப்போது இல்லை என்றேன். மறுவாரம் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்துவிட்டது.

உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் வீட்டில் மாமியார் பக்கவாதத்தில் கிடந்தார். கைக்குழந்தை. லீலா போய்விட்டால் இரண்டையும் நான் ஒருத்தி பார்க்க வேண்டும் என்ற கணக்கு, அந்தக் கல்யாண வீட்டில் வாயைத் திறப்பதற்கு முன்பே என் மனதில் ஓடி முடிந்திருந்தது. அது எனக்கும் தேவனுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். பிறகு வந்த சம்பந்தங்கள் ஏதேதோ காரணத்தால் கூடவில்லை. லீலா தன் அம்மையைப் பத்து வருடம் பார்த்தாள். என் பிள்ளையை வளர்த்தாள்.

என் முறை வந்து, பிளாஸ்க் நிறைந்து, வெந்நீர் கைமேல் வழிந்தது. சூடு உறைத்த பிறகுதான் குழாயை மூடினேன். வராந்தாவிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அச்சன் சொன்ன ஒரு மணி நேரத்தில் பாதி போயிருந்தது. அவள் என்னிடம் கேட்டாகிவிட்டது. இனி இன்னொரு தடவை கேட்கமாட்டாள். கேட்க அவளுக்கு நாளும் இல்லை.

திரும்பி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"லீலா, அந்த மார்த்தாண்டத்துச் சம்பந்தம் எனக்க வாயாலதான் முடங்கிச்சு."

அவள் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பம் தெரியும்?"

"அந்த வாரமே. தரகர் பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொன்னாரு. உங்க மைனியே சொன்ன பிறவு நான் என்ன செய்யண்ணு கேட்டாரு."

இருபத்துமூன்று வருடம். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பின்ன ஏன் என்னட்ட கேக்கல?"

"கேட்டா அண்ணன் உங்கள வீட்டுல வச்சிருப்பாரா? ஷைனிக்கு ஒம்பது மாசம்." பைய இந்தப் பக்கம் திரும்பினாள். "அதுனால கேக்கல. ஆனா மன்னிக்கவும் இல்ல மைனி. பிள்ளைய மடியில வச்சிட்டே உங்கள வெறுத்தேன். மாசத்துல முதல் ஞாயிறு நான் பிரசங்கம் முடிஞ்சதும் இறங்கிப் போறது எதுக்குண்ணு நினைச்சிய?"

"ஓய்வுநாள் பள்ளிக்கு..."

"அது பத்தரைக்குத் தானே, பந்தி முடிஞ்ச பிறவு."

எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை. அவள் சாமான்களை எடுத்து வைக்கப் போகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

"நெஞ்சுல வெறுப்ப வச்சிட்டு அப்பத்த வாங்கப்பிடாது. நான் வாங்கல. நீங்க வாங்கினிய. ஒவ்வொரு மாசமும் முழங்கால்ல நிண்ணு வாங்குறத, நான் வெளிய ஜன்னல் பக்கத்துல நிண்ணு பாப்பேன்."

தவறு செய்தவள் பந்தியில் இருந்தேன், தவறுக்கு ஆளானவள் வெளியே நின்றாள்.

"மன்னிச்சிரு லீலா" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். கழுத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"இப்பமே வாய் வருதில்ல மைனி" என்றாள். "கொஞ்சம் இருங்க."

இருந்தேன். தண்ணீர் கேட்டாள். குடிக்கக் கூடாது என்பதால் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். பக்கத்துக் கட்டிலில் சுபைதா உம்மா என்ற வயதான பெண் படுத்திருந்தார், அவருக்கும் இதே நோய். எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்ததோ, நடுவிலிருந்த திரையை அவரே இழுத்து மூடிவிட்டார்.

"செரி" என்றாள் லீலா.

"என்ன செரி?"

"மன்னிச்சாச்சு. அழாதீங்க, நர்ஸ் வந்தா என்னைத்தான் ஏசும்." பிறகு, "அச்சன் வந்தா நீங்களும் எனக்க கூட எடுக்கணும்."

"எனக்கு யோக்கியதை இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா? இருபத்துமூணு வருசம். நான் தனியா எடுக்கமாட்டேன்." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. அண்ணன்ட்ட நீங்க சொல்லணும். இப்பம் வேண்டாம், தாங்கமாட்டாரு. நான் போன பிறவு. ஆனா சொல்லணும்."

சொல்கிறேன் என்று அவள் கையில் வாக்குக் கொடுத்தேன்.

அச்சன் வந்தார். மறுபடி துணியை விரித்தார். அப்பத்தில் ஒரு பொடியை ரசத்தில் தோய்த்து லீலாவின் நாக்கில் வைத்தார். பிறகு எனக்குத் தந்தார். கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே முழங்காலில் நிற்க இடம் இல்லை, ஒருக்களித்து நின்று வாங்கினேன். திரையின் இடைவெளியில் சுபைதா உம்மா தெரிந்தார். அவர் தட்டம் என்னும் முக்காட்டுத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாங்கள் முடிக்கும்வரை எழுந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் லீலா வீட்டுக்குப் போகலாம் என்றாள். கூட்டி வந்தோம். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். எங்கள் பக்கத்துப் பாலியேட்டிவ் நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். பாலியேட்டிவ் என்றால் நோயைக் குணமாக்குவது அல்ல, நோயாளியை வலியில்லாமல் பார்த்துக்கொள்வது. மார்ஃபின் என்ற வலி மருந்தை எத்தனை மணிக்கு ஒருமுறை, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தார். அது கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாள் என்று நான் பயந்தேன். அப்படி இல்லை, வலியில் கிடப்பதுதான் உடம்பை அரிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார்.

அந்தப் பத்தொன்பது நாளில் நானும் லீலாவும் பேசியது, அதற்கு முன் இருபத்தாறு வருடத்தில் பேசாதது. பெரிய விஷயங்கள் அல்ல. அந்த வாத்தியாரை ஒருமுறை நாகர்கோவிலில் பார்த்தேன், தொந்தி விழுந்து போச்சு என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளே சிரித்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். ஷைனி மாமியின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் இருந்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போனது. பிறகு அடுத்தது வரவில்லை. அவர் அதைக் கவனிக்காமல் இன்னும் இரண்டு வசனம் வாசித்தார். நாங்கள் அவரை நிறுத்தவில்லை.

அடக்கத்துக்கு அங்கன்வாடிப் பிள்ளைகள் அம்மாக்களின் இடுப்பில் ஏறி வந்திருந்தன. ஒன்று, "டீச்சர் உறங்குவாணோ?" என்று கேட்டது. ஆமாம் என்று அதன் அம்மா சொன்னாள். நாங்களும் அதைத்தான் நம்புகிறோம். கர்த்தருக்குள் நித்திரை, கடைசி நாளில் எழும்புதல். நான் இதை முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனாலும் ஒரு சனிக்கிழமை அவள் சேலைகளை எடுத்து மடித்தபோது, அந்த விசுவாசம் எட்டாத இடத்தில் இருந்தது. சேலைதான் கையில் இருந்தது. அவள் மணம் இருந்தது. நான் உபவாசித்துக் கேட்டது கிடைக்கவில்லை என்று கர்த்தரிடம் சண்டை போட்டேன். சுகத்தைக் கேட்டேன், நீர் தரவில்லை என்றேன். சத்தமாகவே சொன்னேன். கேட்காத ஒன்றைத் தந்தார் என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிக்கட்ட எனக்கு வரவில்லை. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

முப்பதாம் நாள் வீட்டு ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவரிடம் சொன்னேன். கல்யாண வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் மனதில் ஓடிய அந்தக் கணக்கையும் சொன்னேன். அவர் அடுக்கிக்கொண்டிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. லீலாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சோறு கேட்பார், மாத்திரை கேட்பார், மின்சார பில் வந்ததா என்று கேட்பார். அதற்கு மேல் இல்லை. ராத்திரி குடும்ப ஜெபம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை இருவரும் சேர்ந்து சொல்வோம். அதில், எங்களுக்குக் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் அவர் குரல் நின்றுவிடும். நானும் முதலில் பயந்து நின்றுவிடுவேன். பிறகு அவர் அடுத்த வரியிலிருந்து தொடங்குவார்.

மூன்று வாரம் பொறுத்தேன். ஒருநாள் ஜெபம் முடிந்ததும் கேட்டேன்.

"நான் கொஞ்ச நாள் எனக்க பிறந்த வீட்டுல போய் இருக்கட்டா?"

"எதுக்கு?"

"உங்களுக்கு என்னப் பாக்கவே முடியல்லியே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்கயும் போகாத. அவளுக்கே இருபத்துமூணு வருசம் ஆச்சு எஸ்தரே. எனக்கும் கொஞ்சம் சமயம் தா."

அதற்குப் பிறகு நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. அவர் நிறுத்தினாலும் அந்த வரியை நான் சொல்கிறேன், அவருக்குக் கேட்கும்படியாக, தனியாக. அவர் கண்ணை மூடி, கைகளைக் கூப்பியபடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்கிறார்.